நாற்பதாவது பெயர்

கலைமகளின் விலை ஒரு லட்சத்துப் பதினோராயிரத்து ஒரு ரூபாய். அதுவும் பேரம் பேசி இறக்கிய விலை.

சர்வகலாசாலைக்காரர்கள் முதலில் ஒன்றரை லட்சம் சொன்னார்கள். திருமயத்துக்கு மேற்கே ஐந்து மைலில் இருக்கும் பூலாங்கண்மாயில் இன்டர்மீடியட் வகுப்பு நடத்துவதென்றால் அவ்வளவு பணம் பாங்கியில் அசையாமல் கிடக்க வேண்டும் என்று சட்டம் பேசினார்கள். பர்மாவில், மோல்மேனில் நாற்பது வருஷம் வட்டிக்கடை வைத்துக் கொண்டுவிற்ற உடையப்பச் செட்டியார் சென்னையில் ரிஜிஸ்திரார் மேஜைக்கு எதிரே சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்து, "சரிங்க, வெலையச் சொல்லிப்பிட்டீக. இனிக் கடைசி வெலையச் சொல்லுங்க" என்றார். ரிஜிஸ்திரார் தம் உத்தியோக காலத்தில் அப்படி ஒரு கேள்வியைச் சந்தித்ததில்லை. கட்டடம் எங்கள் செலவு, பெஞ்சுக்குத் தேக்கு கப்பலில் வருகிறது, ஹாஸ்டலில் மூன்று வேளைச் சோறு இலவசம், இதற்கெல்லாம் தள்ளுபடி கிடையாதா என்று செட்டியார் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் முப்பத்தொன்பதாயிரம் இறங்கிற்று. அந்த ஒற்றை ரூபாய் மட்டும் செட்டியார் தாமாக வைத்தது. மொட்டையாக நிற்கிற தொகை வளராது.

அந்த இரண்டு நாளும் பக்கத்தில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தவர் ஆதப்பன். செட்டியாருக்குப் பங்காளி முறையில் தம்பி. மோல்மேன் கடையில் அடுத்தாளாகச் சேர்ந்து, மேலாளாக உயர்ந்து, வட்டியையும் வாடகையையும் மனக்கணக்காகவே போட்டவர். 1936 ஜூனில் காலேஜ் திறந்தபோது, ரைட்டர் வேலைக்குச் செட்டியார் வெளியில் ஆள் தேடவில்லை. ஆதப்பனும் யோசிக்கவில்லை. அங்கே வரவு பற்று, இங்கேயும் வரவு பற்று. சரக்குதான் வேறு.

அந்த முதல் சில வருஷங்களைப் பற்றிப் பிற்பாடு யாராவது கேட்டால் ஆதப்பனுக்குப் பேச்சு நிற்காது. மழைக்காலத்தில் கண்மாய்க்கரைப் பாதை சேறாகிவிடும். புரொபசர்கள் காலுறையைப் பைக்குள்ளும் பூட்ஸைக் கையிலும் வைத்துக்கொண்டு வருவார்கள். வெயில் நாளில் பிரின்சிபால் ஞானமணி ஆங்கில நாடகத்தைப் புளியமரத்தடியில் நடத்துவார். ராஜாவைக் குத்திக் கொல்லும் கட்டத்தில் அவர் போட்ட சத்தத்தில் ஆடு மேய்க்கிறவர்கள் கம்போடு ஓடிவந்துவிட்டார்கள் ஒரு நாள். கெமிஸ்ட்ரி அறையிலிருந்து அழுகின முட்டை நாற்றம் கிளம்பினால் ஊருக்கு மணி பதினொன்று.

உயிர்நூல் வகுப்புக்குத் தவளை சப்ளை செய்தவள் இருளாயி. ஓலைக்கூடையை ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள்.

"நேத்து காலணா. இன்னைக்கு அரையணாங்கிறியே, இருளாயி?"

"நேத்து கண்மாயில தண்ணி கெடந்துச்சுங்க. இன்னைக்குத் தவளையெல்லாம் கெணத்துக்குள்ள போயிருச்சு. எறங்கி ஏறுற கூலி வேணாமா?"

"சாகப்போற தவளைதானேத்தா?"

"சாகப்போறதுன்னா வெல கொறையுமாக்கும்? ஆட்டுக்கறிய அப்புடியா விக்கிறாக?"

மோல்மேனில் சீனர்களையும் பர்மாக்காரர்களையும் மடக்கிய ஆதப்பன் அரையணாவை எண்ணி வைத்தார். டஜனுக்கு ஒரு தவளை கொசுறு வாங்கியதில் மனம் ஆறியது.

ஹாஜர் எடுப்பதும் அவர்தான். காலை மணி அடித்ததும் இரண்டு வகுப்பையும் ஹாலில் நிறுத்தி மொத்தமாக எடுத்துவிடுவார். சில்லறையாகச் செய்தால் நேரம் வீண். அந்த ஹாஜர் புத்தகத்தில்தான் அவர் கை பழைய பழக்கத்தைக் காட்டியது.

கடையில் புதுக் கணக்குப் போடும்போது முதல் பெயர் சாமியுடையது. மோல்மேன் கடையில் தண்டாயுதபாணியும் ஒரு பங்குதாரர். அவர் பேரில் முதல் உண்டு, வருஷ முடிவில் லாபம் உண்டு. சாமி சேராத கணக்கு கணக்கே இல்லை என்று இருபத்தைந்து வருஷம் பழகிய கை அது. அந்தக் கை புத்தகத்தைத் திறந்து, நம்பர் ஒன்று என்று போட்டு, தண்டாயுதபாணி என்று எழுதியது. வெறும் பெயரோடு விடவில்லை. வியாபாரத்தில் ரூபாய்க்கு இவ்வளவென்று தர்மத்துக்கு ஒதுக்கும் மகமைப் பணத்திலிருந்து டெர்முக்கு டெர்ம் அவருக்குப் படிப்புச் சம்பளம் கட்டி, ரசீதும் போட்டார். அடுத்த வருஷம் ஜூனில் புதுப் புத்தகம் வந்தபோதும் அதே முதல் பெயர்.

"நம்பர் ஒண்ணு, தண்டாயுதபாணி" என்று ஆதப்பன் வாசிப்பார். மொத்தப் பேரும் சேர்ந்து "பிரசென்ட் சார்!" என்பார்கள். ஓடு அதிரும். ஞானமணி வேதக்காரர், கிறிஸ்தவர். இது இவர்கள் பிரார்த்தனை போலிருக்கிறது என்று தலை குனிந்து நிற்பார். மாதக் கூட்டலில் ஆதப்பன் சாமியையும் சேர்த்தே கூட்டினார் என்பது அவருக்குத் தெரியாது. ஆதப்பனுக்கோ அதில் தெரிந்துகொள்ள ஒன்றும் இருப்பதாகவே தோன்றவில்லை. நூற்று முப்பத்திரண்டு பேர் இருக்கிற இடத்தில் ஒன்று கூடினால் யார் கண்டார்கள்?

பிறகு சண்டை வந்தது. 1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. பங்குனி பிறப்பதற்குள் ரங்கூன் ஜப்பான்காரன் கையில். மோல்மேன் அதற்கு முன்பே போயிருந்தது. ஊருக்கு வரும் தபால் நின்றது, பணம் வரும் உண்டியல் நின்றது, அதோடு ஹாஸ்டல் சோறும் நின்றது. வெளியூர்ப் பையன்கள் மூட்டை கட்டினார்கள். 1942 ஜூலையில் புத்தகப்படி நாற்பது பேர்.

அந்த மாதமே சர்வகலாசாலையிலிருந்து கடிதம். இரண்டு வகுப்பிலும் சேர்த்து நாற்பது பேருக்குக் குறைந்தால், வகுப்புகளைத் திருச்சியில் உள்ள ஒரு காலேஜோடு சேர்த்துவிட உத்தேசம். நேரில் பார்க்க வியாழக்கிழமை கமிஷன் வரும்.

உடையப்பச் செட்டியார் ஆதப்பனைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆதப்பா, மோல்மேன்ல நமக்கு என்னப்பா மிஞ்சியிருக்கு?"

"சாவிக்கொத்து இருக்குண்ணே."

செட்டியார் சிரித்தார். சிரித்து முடிக்கும்போது கண் கலங்கியிருந்தது. "அந்தப் பணத்துல ஜப்பான்காரன் கைக்கு எட்டாமக் கெடக்குறது இந்தக் காலேஜு ஒண்ணுதான். இதையும் பேத்துத் திருச்சிக்குக் கொண்டுபோய்ட்டா, நாப்பது வருசம் கடல் தாண்டிக் கெடந்ததுக்கு நான் எதைக் காட்டுறது?"

"நாப்பது இருக்குண்ணே. எண்ணி வச்சிருக்கேன்."

"ஒன் கணக்கு தப்பாதுப்பா" என்றார் செட்டியார். அன்று நன்றாகத் தூங்கினார்.

இங்கே ஆதப்பன் மகள் காமாட்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புதுக்கோட்டையில் அத்தை வீட்டில் இருந்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவள். வயது பதினேழு. கல்யாணம் முடிகிறவரை சும்மா இருப்பானேன் என்று காலேஜ் லைப்ரரியில் புத்தகம் அடுக்க வந்தாள். லைப்ரரிக்கும் ஜூனியர் வகுப்புக்கும் நடுவே ஒரு கதவு. அது சாத்தியிருந்ததே இல்லை. ஒரு வருஷமாக அவள் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாப் பாடமும் கேட்டாள். ஞானமணி கேள்வி கேட்டுப் பையன்கள் முழித்தால், கதவுக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.

அவளுக்கு வரன் அமைந்து, ஆவணியில் நாளும் பார்த்தாயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "படிக்கட்டும், வேணாங்கல. பேரு மட்டும் எந்த ரிஜிஸ்தர்லயும் ஏறப்படாது. தெனமும் நாப்பது பயலுக மத்தியில நம்ம வீட்டுப் பொண்ணு பேரை ஒருத்தன் கத்தி வாசிக்கிறதாவது!" ஆதப்பன் ஒத்துக்கொண்டார். ரசீது போடாமல் சரக்கு கைமாறுவதை அவர் பார்க்காதவர் அல்ல.

வியாழக்கிழமை கமிஷன் வந்தது. தலைவர் ஓய்வுபெற்ற கணித புரொபசர். மெலிந்த மனிதர். கைத்தடி இல்லாமல் நடப்பார், சந்தேகம் இல்லாமல் நடக்கமாட்டார். ஹாலில் எல்லாரையும் நிறுத்தி, விரலை நீட்டி ஒரு தடவை எண்ணினார். திரும்பவும் எண்ணினார்.

"ரைட்டர், புத்தகத்தில் நாற்பது. தலை முப்பத்தொன்பது. யார் வரவில்லை?"

"எல்லாரும் வந்திருக்காகங்க."

"ஒரு தலை குறைகிறதே?"

"மொத நம்பரு தலைய எண்ண முடியாதுங்க."

தலைவர் புத்தகத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். "தண்டாயுதபாணி. தகப்பனார், பரமசிவம். இருப்பிடம், பழனி." நிமிர்ந்தார். "ஹாஸ்டலா, வீட்டிலிருந்து வருகிறாரா?"

"எங்க வேணாலும் இருப்பாருங்க."

"சம்பளம்?"

"ஒரு டெர்முகூடப் பாக்கி இல்லீங்க. ரசீது இருக்கு."

தலைவர் மேஜைமேலிருந்த பழைய புத்தகங்களையும் புரட்டினார். "ஆறு வருஷமாக ஒரு நாள் லீவு இல்லை. ஆனாலும் ஜூனியர் வகுப்பிலேயே இருக்கிறாரே! பரீட்சை எழுதவில்லையா?"

"அவரு பரீட்சை வைக்கிறவருங்க."

பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். தலைவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, சிவப்புப் பென்சிலால் முதல் பெயரின்மேல் ஒரு கோடு இழுத்தார்.

ஆதப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது. பொய்க் கணக்கு எழுதியிருந்தால்கூட எழுதும்போதே ஒரு பயம் இருந்திருக்கும், எங்காவது ஓர் ஆளைக் கூட்டிவந்து நிறுத்தியிருப்பார். இது மெய்க் கணக்கு என்று நம்பி நிம்மதியாக இருந்ததுதான் கழுத்தை அறுத்தது. உடையப்பச் செட்டியார் கூரையின் தேக்கு விட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞானமணி முன்னால் வந்தார். "ஐயா, இதில் மோசடி இல்லை. இவர்கள் வழக்கம்."

"தெரிகிறது. மோசடிக்காரன் தகப்பனார் பெயரைச் சரியாக எழுதமாட்டான்" என்றார் தலைவர். கடிகாரத்தைப் பார்த்தார். "மூன்று மணிக்கு ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவேன். அதற்குள் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய ஒரு ஆள், தலையோடு வந்து சேர்ந்தால் நாற்பது என்று எழுதுகிறேன். இல்லாவிட்டால் திருச்சி."

மணி அப்போது ஒன்றரை. ஆதப்பன் மனசுக்குள் ஊரைத் தெருத் தெருவாக அலசினார். தேறியவர்களில் ஒருவன் பட்டாளத்தில், ஒருவன் கறம்பக்குடியில் ஜவுளிக்கடையில். வண்டி கட்டி ஆளைக் கூட்டிவரப் பொழுது போதாது. அன்னவாசலில் ஒருவன் இருக்கிறான், அவனுக்கு அம்மை. கணக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் முப்பத்தொன்பதில் வந்து நின்றது.

லைப்ரரிக் கதவு திறந்தது.

"அப்பச்சி, நான் இருக்கேன்."

"உள்ள போத்தா."

காமாட்சி போகவில்லை. "ஆறு வருசமா, கண்ணுக்குத் தெரியாதவுக பேரை எழுதித் தெனம் பிரசென்ட் போட்டீக. ஒரு வருசமா தெனம் வர்ற என் பேரை எழுத மட்டும் ஒங்களுக்குக் கை வரல."

முதலில் பேசியது செட்டியார்தான். "வேணாம் ஆதப்பா. காலேஜு போனாப் போகுது. பொண்ணு கல்யாணம் நிக்கப்படாது."

அந்த வார்த்தை ஆதப்பனை இன்னும் குழப்பியது. வேண்டும் என்று கேட்டிருந்தால் மறுத்திருப்பார். மகள் பக்கம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "நெசத்தச் சொல்லு. காலேஜு நிக்கணும்னு வாறியா, படிக்கணும்னு வாறியா? அண்ணனுக்குப் பட்ட கடனை ஒன்னைய வச்சு நான் அடைக்கப்படாது."

"இது இங்கிட்டு இல்லாட்டி நான் எங்கிட்டுப் போயிப் படிக்கிறது அப்பச்சி? யாரு விடுவீக?"

யாரும் விடமாட்டார்கள். அது அவருக்கு நன்றாகவே தெரியும். மைக்கூட்டைத் திறந்தார். காமாட்சி, தகப்பனார் ஆதப்பன், இருப்பிடம் பூலாங்கண்மாய். எழுத்து கொஞ்சம் கோணியது. சம்பளத்தை மடியிலிருந்து எடுத்துக் கட்டி, தமக்குத்தாமே ஒரு ரசீதும் போட்டுக்கொண்டார்.

தலைவர் எண்ணிப் பார்த்தார். "நாற்பது. சரி. ஆனால் நாளைக்கே ஒருவன் நின்றால் மறுபடி முப்பத்தொன்பது. ஒரு வருஷம் அவகாசம் தருகிறேன்."

கையில் பேனா இருந்தால் ஆதப்பனுக்குத் தைரியம் வந்துவிடும். "படிப்பு ரெண்டு வருசமுங்க. பாதி வேட்டியக் கிழிச்சுக் குடுத்தா யாரு வாங்குவா? மூணாக் குடுங்க."

"கேட்பது இரண்டு வருஷப் படிப்புக்கு. மூன்று எதற்கு?"

"மூணு கேட்டாத்தானே ரெண்டு கெடைக்கும்."

தலைவரின் உதட்டோரம் முதல் தடவையாக அசைந்தது. "இரண்டு. ஆனால் புதிதாக ஒருவரையும் சேர்க்கக் கூடாது. இந்த ஜூனியர் வகுப்பு முடிந்ததும் பெஞ்சு, புத்தகம், கருவி எல்லாம் திருச்சிக்கு. இதுதான் கடைசி விலை, ரைட்டர்."

நாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டுக் கடுதாசி வந்தது. மூன்று வரி. அதில் இரண்டு வரி க்ஷேம விசாரிப்பு, மூன்றாவது வரியில் கல்யாணம் நின்றது. காமாட்சியின் தாயார் உண்ணாமலை ஆச்சி ஒரு மாதம் கணவரிடம் பேசவில்லை. குழம்பு ஊற்றுகிற கரண்டி மட்டும் பேசியது. அதன் பேச்சை ஆதப்பன் தலை குனிந்து கேட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

ஆனால் அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் அவருக்கு இன்னொரு ஞாபகமும் வரும். காலை ஹாஜர். இப்போது நம்பர் ஒன்று குழந்தைசாமி என்கிற பையன். அவர் வாசித்துக்கொண்டே வருவார். "காமாட்சி" என்று வந்ததும் தொண்டையைக் கனைப்பார். வீட்டில் அப்பச்சி என்று கூப்பிடுகிறவள் இங்கே எழுந்து "பிரசென்ட் சார்" என்பாள். எவ்வளவு பழகியும் அந்த "சார்" அவருக்குப் பழகவில்லை. பழகவேண்டும் என்று அவரும் நினைக்கவில்லை. இரண்டாம் வருஷம் சீனியர்கள் போய், இருநூறு பேருக்குக் கட்டிய கட்டடத்தில் பதினெட்டே பேர். ஞானமணி ஒரு வரி சொன்னால் ஹால் அதை இரண்டு தடவை திருப்பிச் சொல்லும். "பரவாயில்லை, நோட்ஸ் எடுக்க வசதி" என்பார் அவர். கோடைக்குச் சற்று முன்னால், மூன்று பெஞ்சில் அடங்கிவிட்ட அந்த வகுப்பைப் புளியமரத்தடிக்குக் கொண்டுபோய்க் கடைசி நாடகத்தை முடித்தார். ஆடு மேய்க்கிறவர்கள் இந்தத் தடவை கம்பைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டார்கள்.

1944 ஜூனில் வண்டிகள் வந்தன. திருமயம் ரயிலடிவரை இருபத்திரண்டு பாரம். பியூன் பெரியண்ணன் கெமிஸ்ட்ரிக் குப்பிகளை வைக்கோலில் சுற்றினான். இருளாயி வந்து நின்று பார்த்தாள். "திருச்சியில தவளை யாரு புடிச்சுக் குடுப்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். உடையப்பச் செட்டியார் வெளியே போகிற ஒவ்வொரு பெஞ்சையும் விரல் முட்டியால் தட்டினார். "நல்ல மரம்" என்றார். கடைசிப் பெஞ்சு போனபிறகும் கை தட்டுகிற வாக்கிலேயே நின்றது.

அந்த வாரம்தான் பரீட்சை முடிவும் வந்திருந்தது. தேறியவர்கள் எங்கெங்கே போகிறார்கள் என்று திருச்சியிலிருந்து ஒரு படிவம் அனுப்பிக் கேட்டிருந்தார்கள். காலியான ஆபீஸில், போகாமல் மிஞ்சிய ஒரு மேஜையில் ஆதப்பன் அதை எழுதிக்கொண்டிருந்தார். மகள் முதல் வகுப்பு. அவள் பெயருக்கு நேரே "வீடு" என்று எழுதியாயிற்று. அவள் பி.ஏ. படிக்கத் திருச்சியில் பெண்கள் விடுதியில் இடம் கேட்டு வைத்திருப்பதாக ஞானமணி சொல்லியிருந்தார். அவள் கேட்கவில்லை. அவள் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாததால் அவரும் வாயைத் திறக்கவில்லை.

வாசலில் ஒரு மாட்டுவண்டி நின்றது. இருபத்திரண்டில் சேராத வண்டி. உண்ணாமலை ஆச்சி இறங்கினாள். வண்டிக்குள் ஒரு தகரப்பெட்டி, பித்தளைக் குடம், இரண்டு தூக்குச்சட்டி, ஒரு ஊறுகாய் ஜாடி. மகள் பிறந்த நாளிலிருந்து அவள் கல்யாணத்துக்கென்று பரண்மேல் சேர்த்த சாமான்.

"என்ன உண்ணாமலை இது?"

"சும்மாக் கெடந்து களிம்பேறுது. திருச்சியில நல்ல தண்ணியாம். கொண்டுபோயித் தேச்சு வச்சுக்கட்டும்." அவரைப் பார்க்காமல் வண்டிக்காரனிடம் திரும்பினாள். "ஜாடியப் பாத்து எறக்கப்பா, அது என் ஆத்தா வீட்டுது."

லைப்ரரிப் பக்கமிருந்து காமாட்சி ஓடிவந்து, குடத்தைப் பார்த்து, ஆத்தாளைப் பார்த்து, அப்படியே நின்றாள்.

ஆதப்பன் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். எழுதியதை அடித்துத் திருத்துவது கணக்குப்பிள்ளைக்கு அழகல்ல. ஆகவே அடிக்கவில்லை. கீழே முறைப்படி எழுதினார்:

தேறியவர் பதினொன்று. இதில் திருச்சிக்கு ஆறு, பட்டாளத்து ஆபீசுக்கு இரண்டு, தபாலாபீசுக்கு ஒன்று, அறந்தாங்கி அரிசி மண்டிக்கு ஒன்று, வீட்டில் ஒன்று. ஆகக் கூடுதல் பதினொன்று.

வீட்டுக் கணக்கிலிருந்து திருச்சிக்கு மாற்றல், ஒன்று. ஆகத் திருச்சிக்கு ஏழு.

வீட்டில் பாக்கி இல்லை.